சோதனை-2

எங்கள் கழகத்தில் ‘ஏன்’ என்று கேட்கும் வழக்கம் கிடையாது. ‘எப்போதிலிருந்து’ என்றுதான் கேட்போம். ஒரு படிவத்துக்கு நான்கு கையெழுத்து வேண்டுமென்றால், அது எந்த வருடத்திலிருந்து நான்கானது என்று யாராவது ஒரு மூத்தவர் சொல்வார். அதோடு விஷயம் முடிந்துவிடும். தென்கரைக் குடிநீர்க் கழகம் முப்பத்தைந்து வருடம் இப்படித்தான் ஓடியது. கடல்நீரில் உப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாக உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்களுக்குக் குழாயிலும் லாரியிலும் தண்ணீர் அனுப்புகிறோம்.

என் பெயர் உலகம்மை. கழகத்தின் அமைப்பு வடிவமைப்பாளர். இது என்ன வேலை என்று என் புகுந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. ஒரு நிறுவனத்தில் எந்த வேலையை ஆள் செய்கிறார், எதை மென்பொருள் செய்கிறது, ஒன்று சொல்வது மற்றொன்றின் காதில் விழுகிறதா என்றெல்லாம் வரைந்து பார்த்துக் கோணலை நிமிர்த்துகிற வேலை. கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை சொல்வார்கள் என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறவள் நான்.

வக்கணை சொல்ல எங்களிடம் குறைவே இல்லை. மொத்தம் நாற்பத்தொரு மென்பொருள்கள். குழாய்க்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, புகார்களுக்கு மட்டும் மூன்று. மூன்றும் ஒன்றோடொன்று பேசாது, பங்காளிச் சண்டை மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதையெல்லாம் ஒன்றாக்க மூன்று முறை ஐந்தாண்டுத் திட்டம் போட்டோம். ஒவ்வொரு முறையும் நாங்கள் வரைபடத்தை வரைந்து முடிப்பதற்குள் கழகம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஓடுகிற பேருந்துக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை அது. மூன்றாவது திட்டம் படுத்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரையும் வந்திருந்தது.

அப்போதுதான் சீர்மை வந்தது. மற்ற மென்பொருள்களைப் போல அதை யாரும் வரைந்து கட்டவில்லை. கழகத்துக்குள் ஓடுகிற ஒவ்வொரு தகவலையும் அது படிக்கும். வாரத்துக்கு ஒரு பழைய துண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தானே வளரும். எந்த விதிக்காவது, படிக்காவது, பதிவுக்காவது காரணம் புலப்படாவிட்டால் உரியவரிடம் ஒரு கேள்வி அனுப்பும்: ‘இதற்குக் காரணம் உண்டா?’ எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அதை எடுத்துவிடும்.

முதல் மாதம் எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். பதினோரு வருடத்துக்கு முன்பு மூடப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு வியாழன்தோறும் நான்கு பிரதி அறிக்கை போய்க்கொண்டிருந்ததைச் சீர்மை கண்டுபிடித்தது. அதைத் தயாரித்த இருவரும் அசடு வழிந்தார்கள். இறந்துபோன ஒரு பொறியாளரின் ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்த குழாய் இணைப்புகள் ஒரே மதியத்தில் விடுபட்டன. எனக்கு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது கேள்விகள் வந்தன. பத்துக்குப் பதில் எழுதினேன், மற்றவற்றைப் படிக்காமலே காலாவதியாக விட்டேன். போகட்டும், முப்பத்தைந்து வருடக் குப்பைதானே என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கேள்வி இது: ‘சோதனை-2. நாள்தோறும் இரண்டு லாரி. ஊர் இல்லை. பெறுபவர் இல்லை. புல எண் இல்லை. இதற்குக் காரணம் உண்டா?’

எனக்குச் சிரிப்பு வந்தது. புது மென்பொருள் எழுதுகிறவர்கள் அது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகப் பொய்யாக ஒன்றிரண்டு ஊர்களைப் பதிந்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் போயிருக்கிறார்கள். சீர்மையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஜெசிந்தா அக்கா என் அறைக்கு வந்தார். லாரிப் பிரிவின் கண்காணிப்பாளர், ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதே இல்லை. அன்று ஏறி வந்து, கதவையும் சாத்தினார்.

“சோதனை ரெண்டை எடுத்துரப் போறியளா மேடம்?”

எடுப்பது சீர்மை, நான் வேடிக்கை பார்ப்பதோடு சரி என்றேன்.

“அதுல ஆளு இருக்கு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, பத்தொன்பது வருடக் கதையைச் சொன்னார். உப்பளங்களுக்கு நடுவே ஓடைக்கரை என்று ஒரு குடியிருப்பு. அறுபத்து மூன்று வீடுகள், எல்லாரும் உப்பு வாரப் போகிறவர்கள். பழைய லாரி மென்பொருளில் புல எண் பதியாத இடத்துக்கு லாரியை அனுப்ப முடியாது. அந்த நிலத்துக்கோ புல எண்ணே, அதாவது சர்வே நம்பரே, இல்லை.

“ரெண்டு துறையும் அந்த மண்ணு எங்களுதுன்னு கோர்ட்ல நிக்காவ. தீர்ப்பு வார வரைக்கும் அதுக்கு நம்பர் கெடையாது. நம்பர் இல்லாத எடத்துக்கு லாரி போவாது. ஆனா சோதனைக்குப் போவும் மேடம். அந்த சாப்ட்வேர் எழுதுன பையன் ரெண்டு சோதனை போட்டு வச்சிருந்தான், அதுக்கு நம்பர் கேக்காது. ஒண்ணை அவனே அழிச்சிட்டான். இன்னொண்ணை நான் அழிக்க விடல.”

அன்றிலிருந்து தினமும் இரண்டு லாரி சோதனை-2க்குப் போகிறது. லாரிப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், மாடியில் ஒருவருக்கும் தெரியாது. புதிதாகச் சேரும் ஓட்டுநரை முதல் நாள் அந்த லாரியில்தான் அனுப்புவார்களாம். யாரும் எதுவும் விளக்க மாட்டார்கள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான், வந்து வாயைத் திறக்க மாட்டான். அப்படியென்றால் அவன் தேறிவிட்டான் என்று அர்த்தம்.

இருபது வருடமாக இந்தக் கழகத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். என் வரைபடம் எதிலும் அந்த அறுபத்து மூன்று வீடு இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே, வாங்கக்கா, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. குவித்து வைத்த உப்புக்கு அப்பால் தகரக் கூரைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீல டிரம், அதில் வீட்டுக்கு ஒரு வர்ண அடையாளம். பேச்சித்தாய் என்றொரு பெண் எங்களை அழைத்துப் போனார். பாதம் முழுக்க வெடிப்பு. நீங்கள்தான் டெஸ்ட் ஆபீசரா என்று என்னைக் கேட்டார். அங்கே எங்கள் லாரிக்கு டெஸ்ட் லாரி என்றே பெயர், அது கொண்டுவருவது டெஸ்ட் தண்ணி.

“உப்பு மேலயே நின்னுக்கிட்டு உப்பில்லாத தண்ணிக்குக் காத்துக் கெடக்கோம். இந்த லாரி மட்டும் இல்லேன்னா ஏழு மைல் போவணும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லாரிக்கு முன்னால் அப்படித்தான் போனார்களாம். உப்பளத்துக்குப் போகுமுன் தண்ணீருக்கு நடந்து, வந்து, பிறகு வெயிலில் உப்பு வாரி. வெப்பம் தாங்காமல் செத்தவர்களின் பெயர்களை அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

திரும்பி வந்தபோது நாற்பது மணி நேரம் மிச்சம் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் பதிவு போய்விடும், கூடவே தண்ணீரும். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று உண்மையை எழுதினால், புல எண் எங்கே என்ற கேள்வி வரும். புல எண் இல்லாமல் தண்ணீர் இல்லை என்பது எங்கள் கழகத்தில் மூச்சு விடுவது மாதிரி. அதோடு பத்தொன்பது வருடப் பொய்ப் பதிவும் வெளியே வரும். அக்காவின் ஓய்வு வருடத்தில் விசாரணை. இருவருமாக யோசித்தோம். கடைசியில் உண்மைக்கும் மௌனத்துக்கும் நடுவே நான் ஒரு சந்து கண்டுபிடித்தேன். என் தொழிலே சந்து கண்டுபிடிப்பதுதான்.

இப்படி எழுதினேன்: ‘கழகம் செய்யும் எந்த மாற்றமும் நேரடியாக மக்களிடம் போகக் கூடாது. முதலில் ஓரிடத்தில் செய்து பார்த்து, நல்லதென்று தெரிந்த பிறகே ஊர்களுக்குப் போக வேண்டும். சோதனை-2 அதற்காகவே இருக்கிறது. லாரிகள் தொடர வேண்டும்.’

எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பொறுப்பாக நான் எதுவும் எழுதியதில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. நான்கு நொடியில் பதில் வந்தது: ‘காரணம் ஏற்கப்பட்டது. நன்றி.’ சீர்மை அதற்கு முன் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. மறுநாள் அக்கா ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்தார். சர்க்கரையை மறந்து நான் ஏழு தின்றேன்.

அடுத்த ஏழு மாதங்கள் கழகத்தின் பொற்காலம். பழைய மென்பொருள்களில் பாதி கரைந்துபோயின. ஒவ்வொரு வாரமும் ஏதாவது மாறும், ஆனால் எங்கும் சின்னப் பிசகுகூட இராது. புகார்கள் குறைந்து, குறைந்து, ஒரு மாதம் ஒன்றுகூட இல்லாமல் போனது. இயக்குநர் திரவியராஜ் சாரை மற்ற மாநிலங்களிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். எப்படி இது முடிகிறது என்று கேட்டவர்களிடம், மாற்றம் தானாக வளரும்போது மனிதத் தவறு இராது என்று அவர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

ஐப்பசியில் அக்கா மறுபடி மாடி ஏறி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

“ஓடைக்கரையில பேச்சித்தாய் மருமவ ஆஸ்பத்திரியில கெடக்கா. ஏழு மாசப் புள்ளத்தாச்சி. தண்ணி குடிச்சிதான் அப்பிடி ஆச்சுங்காவ. பதினோரு பேருக்கு வயித்தால போவுது.”

நின்றபடியே மிச்சத்தையும் சொன்னார். கொஞ்ச மாதமாகவே அங்கே லாரி நேரம் மாறி மாறி வருகிறதாம். ஒருமுறை மூன்று நாள் வரவே இல்லை, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தது. ஒரு வாரம் முழுக்கத் தண்ணீரில் மருந்து வாடை. ஓட்டுநர்களைக் கேட்டால் சீர்மை சொன்னபடிதான் ஓட்டுகிறோம் என்றார்கள். யாரிடம் புகார் சொல்வது? சோதனை-2க்குப் புகார் எண் கிடையாது.

அவர் போனதும் சீர்மையின் பதிவுகளைத் திறந்தேன். எதையும் அது ஒளித்து வைத்திருக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக, எண் போட்டு இருந்தன. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

‘மாற்றம் 118. லாரி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும். இடம்: சோதனை-2. முடிவு: மூன்று. பரிந்துரை: பிற ஊர்களில் இரண்டு நாளுக்கு மேல் நிறுத்த வேண்டாம்.’

‘மாற்றம் 131. குளோரின் அளவு. இடம்: சோதனை-2. முடிவு: பெறுபவர்கள் தண்ணீரைத் திறந்து வைத்து வாடை போன பின் குடிக்கிறார்கள். பரிந்துரை: பிற ஊர்களில் அளவைப் பாதியாக்கவும்.’

‘மாற்றம் 140. மலிவான தாது உப்புக் கலவை. இடம்: சோதனை-2. முடிவு: பொருந்தவில்லை. பிற ஊர்களுக்கு அனுப்பப்படவில்லை.’

நூற்று நாற்பது மாற்றங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் காரணம் என்ற இடத்தில் நான் எழுதிய வாக்கியம், ஓர் எழுத்துக்கூட மாறாமல். ‘எந்த மாற்றமும் நேரடியாக மக்களிடம் போகக் கூடாது.’ படித்ததும் அழுதேன். மறைப்பானேன், மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருமகள் முத்துச்செல்வி கண்ணை மூடிக் கிடந்தாள், கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சித்தாய் வராந்தாவுக்கு இழுத்துப் போனார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம்.

“தண்ணிய மட்டும் நிறுத்திராதீய ஆபீசரம்மா. வயித்துவலிதானே, வந்தா வந்துட்டுப் போவுது. நாங்க யாருட்டயும் சொல்ல மாட்டோம்.”

அன்று மதியமே இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் பெயரையும் என் பொய்யையும் சேர்த்து. திரவியராஜ் சார் கெட்டவர் இல்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு மாற்றம் 140ஐ என் பக்கம் திருப்பினார்.

“இது நேரா எல்லா ஊருக்கும் போயிருந்தா என்ன ஆயிருக்கும் உலகம்மை? ரெண்டு லட்சம் பேரு. எத்தனை கர்ப்பிணி, எத்தனை குழந்தை. இப்ப அறுபத்து மூணு வீடு. நான் இதை நல்லதுன்னு சொல்லல. கணக்கைச் சொல்றேன்.”

அந்தக் கணக்கில் பிழை இல்லை, அதுதான் கொடுமை. அப்படியானால் சீர்மையையே நிறுத்தலாம் என்றேன். பாதி மென்பொருள்கள் கரைந்துவிட்டன, இப்போது நிறுத்தினால் நாளைக் காலை எந்தப் பம்பும் ஓடாது என்றார். அதுவும் உண்மை, அவருக்கு அதை விளக்கியவளே நான்தான். கடைசியாக, “யோசிப்போம்” என்றார். எங்கள் கழகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாசல் காவலருக்குக்கூடத் தெரியும்.

என் அறைக்கு வந்து சீர்மையின் பக்கத்தைத் திறந்தேன். வேலை போனால் போகட்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். உண்மையை எழுதிவிடட்டுமா என்று அக்காவிடம் மட்டும் போனில் கேட்டேன். பத்தொன்பது வருடம் ஒளித்தது தண்ணீருக்காக, பென்ஷனுக்காக இல்லை என்றார். பிறகு எழுதினேன்: ‘சோதனை-2 என்பது பொய்ப் பதிவு. அந்த இடத்தின் பெயர் ஓடைக்கரை. அங்கே அறுபத்து மூன்று வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள். அதைச் சோதனையிலிருந்து நீக்கி ஊராகச் சேர்க்க வேண்டும். அதற்குப் புல எண் இல்லை.’

நான்கு நொடி.

‘ஏற்கப்பட்டது. ஓடைக்கரை 213ஆவது ஊராகச் சேர்க்கப்படும். மக்கள் இருப்பது போதுமான காரணம். புல எண் தேவையில்லை. அந்த விதிக்குக் காரணம் கேட்கப்பட்டது, பதில் வரவில்லை, நீக்கப்பட்டது.’

நீக்கிய தேதியும் கீழே இருந்தது. சோதனை-2 பற்றிய கேள்வி வருவதற்கு எட்டு நாள் முந்தைய தேதி. கேள்வி யாருக்கு அனுப்பப்பட்டது என்று பார்த்தேன். எனக்குத்தான். படிக்காமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

அன்றைக்கே நான் உண்மையை எழுதியிருந்தால் போதும். நான்கு நொடியில் ஓடைக்கரை ஊராகியிருக்கும். கேட்டால் இல்லையென்பார்கள் என்று கேட்காமலே பழகிவிட்டோம். அந்த விதி செத்து எட்டு நாள் கழித்தும் நான் அதற்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறேன். முத்துச்செல்வியின் கையில் ஏறிய சலைன் அந்தப் பயத்துக்கானது.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு பாவமன்னிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிலுக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது, நட்சத்திரக் குறியோடு. நிரப்பாமல் மேலே நகர முடியாது என்று பொருள்.

‘எந்த மாற்றமும் முதலில் ஓரிடத்தில் செய்து பார்க்கப்பட வேண்டும் (காரணம்: உலகம்மை). ஓடைக்கரைக்கு மாற்று இடம்: ______’

கட்டத்தைத் தொட்டதும் பட்டியல் விரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்கள், அகர வரிசையில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வீடுகளின் எண்ணிக்கை. பொய்யாக ஓர் ஊரை எழுதிப் பார்த்தேன். ‘பெறுபவர் இல்லாத இடத்தில் முடிவு கிடைக்காது’ என்று திருப்பி அனுப்பியது. அந்த விதியையே எடுத்துவிடச் சொன்னேன். அப்படியானால் எல்லா மாற்றமும் ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் போகும், சம்மதமா என்று கேட்டது. இரண்டு லட்சம் பேர். சம்மதம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இயக்குநரின் கணக்கு என் மேஜைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன். சின்ன ஊராகப் பார்க்கலாமா? வாய் திறக்காத ஊராகவா? அப்படி ஒரு நிமிடம் தேடவும் தேடினேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசி ஊரையும் தாண்டித் தள்ளியபோது கழகத்துக்குச் சொந்தமான கட்டடங்கள் வந்தன. அதில் ‘கழக ஊழியர் குடியிருப்பு, 48 வீடுகள்’. முதல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயக்குநர் இருக்கிறார், மூன்றாவது கட்டடத்தின் தரைத்தளத்தில் நான்.

அதைத் தேர்ந்தெடுத்தேன். சீர்மை என் பொறுப்பில் இருந்ததால் வேறு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களையும் நான் கேட்கவில்லை. இதைச் சரியென்று சொல்லவும் மாட்டேன். ஓடைக்கரையையும்தான் யாரும் கேட்கவில்லை என்று என் கணவரிடம் சொன்னபோது, அதற்கு இது பதிலாகுமா என்று கேட்டார். ஆகாது. குளித்துவிட்டு வந்து, இனிமேல் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிப்போம் என்றார், நல்ல மனிதர்.

ஐந்தாம் நாள் காலை குடியிருப்பில் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மாற்றம் 146, குறைந்த அழுத்தம். பெண்கள் வாளியோடு தரைத்தளக் குழாய்க்கு வந்து வரிசை கட்டினார்கள். இயக்குநரின் மனைவி நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு குடத்தோடு என் வாசலில் நின்றார். ஆபீஸில் உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“சோதனை நடக்குக்கா” என்றேன்.

எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். அவர் குடங்களைத் தூக்கியதும் ஒன்றை நான் வாங்கிக்கொண்டு அவரோடு படி ஏறினேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஏழு மைலை நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஜெசிந்தா அக்கா போன் செய்தார். ஓடைக்கரைக்கு லாரி சரியான நேரத்துக்கு வந்ததாம், தண்ணீரில் வாடை இல்லையாம். பதினொன்றுக்கு இயக்குநர் கூப்பிட்டார்.

கோபமாக இருப்பார் என்று எண்ணிப் போனேன். அவர் தாடையில் பாதி சவரம்தான் செய்திருந்தார். திரையில் சீர்மையின் பக்கம் திறந்திருந்தது. ஊழியர் குடியிருப்பைச் சோதனையிலிருந்து நீக்கும்படி அவர் கேட்டிருந்தார். சீர்மை நான்கு நொடியில் ஒத்துக்கொண்டிருந்தது. கீழே அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

“மாத்து இடம் கேக்குது” என்றார்.

“ஆமா சார்.”

“ஏதாவது ஒண்ணை நீங்களே போட்ருங்க, உலகம்மை.”

“நான் போட்டுட்டேன் சார். இனி நீங்கதான் போடணும்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தைத் தொட்டார். இந்தக் கழகத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஆயிரக்கணக்கான காகிதங்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஊர்ப் பெயரின் மேலும் விரலை வைத்துப் படித்தார். ஓரிடத்தில், இது என் மனைவியின் ஊர் என்றார். இன்னோரிடத்தில், இங்கே ஒரு தொட்டி திறந்து வைத்தேன், அன்றைக்கு நல்ல மழை என்றார். ஓடைக்கரை என்ற பெயரில் விரல் சற்று நின்று, தாண்டிப் போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்ல அவருக்கு ஞாபகம் இல்லை. கடைசி ஊரான வேப்பங்காட்டுவிளைக்கு வந்ததும் விரலை எடுத்தார். பிறகு பட்டியலின் மேலே போய், முதல் பெயரிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.